யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாருக்குப் பதில் சொல்கிறது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அரசாங்கம் தானாகத் தந்ததா, தமிழர் கேட்டுப் பெற்றதா, இன்றைக்கு வட மாகாண சபைக்கோ யாழ்ப்பாண மாநகர சபைக்கோ அதில் ஏதும் சொல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் ஒரு பிரச்சினை வரும்போது பல்கலைக்கழகம் சில வேளை முன்னுக்கு நிற்பதும் சில வேளை வாய் திறக்காமல் இருப்பதும் ஏன் என்ற ஆதங்கமும் உங்கள் கடைசி வரியில் தெரிகிறது. நான் விளங்கிக்கொண்ட அளவில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த நிறுவனம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? பல்கலைக்கழக நிர்வாகக் கிளைகளில் நெடுங்காலம் கோப்புப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். சட்டப் பிரிவுகளை அன்றாட நடைமுறையில் கையாண்டவன் சொல்லக்கூடியதைத்தான் சொல்கிறேன். என் விடை இது: சட்டப்படி அது முழுக்கக் கொழும்புக்கே பதில் சொல்கிறது, ஊரோடு அதற்குள்ள உறவு ஆட்களால் ஆனது, எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது.

முதலில் தோற்றத்தைப் பார்ப்போம். தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுபதுகளுக்கு வெகு முன்னரே இருந்தது. ஆனால் தமிழரசுக் கட்சி அதைக் கேட்ட இடம் யாழ்ப்பாணம் அன்று, திருகோணமலை. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் நகரம் அது என்பதும், யாழ்ப்பாணத்தில் வைத்தால் கிழக்கு ஒதுங்கிவிடும் என்பதும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்கு. (திருகோணமலைக்குப் பிற்பாடு வளாகம் ஒன்று கிடைத்தது, அதுவும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகத்தான்.) 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களையும் கட்டுபெத்த தொழில்நுட்பக் கல்லூரியையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் ஒரு வளாகமாக்கியது. கொழும்பு, பேராதனை, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த என்ற ஐந்துக்கும் அடுத்து ஆறாவதாக வந்ததுதான் யாழ்ப்பாண வளாகம். 1974 அக்டோபர் 6 ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க நேரில் வந்து அதைத் திறந்துவைத்தார். ஆகவே கேட்டது தமிழர்தான், ஆனால் கேட்டது வேறு; கொடுத்தது அரசாங்கம்தான், ஆனால் கொடுத்தது தான் விரும்பிய இடத்தில், தான் விரும்பிய வடிவத்தில்.

ஏன் கொடுத்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. மொழிவாரியாக அனுமதிப் புள்ளியை மாற்றிய தரப்படுத்தல் 1971 இல் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர் கடுமையாக அடிபட்டிருந்த காலம் அது; அந்தக் கோபத்தைத் தணிக்கத்தான் வளாகம் வந்தது என்று எங்கள் ஊரில் பொதுவாகச் சொல்வார்கள். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்தத் திறப்பு விழா நடந்த சூழல். அதே 1974 சனவரியில் நான்காவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்று அரசாங்கத் தரப்பு வற்புறுத்தியும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலான குழு யாழ்ப்பாணத்திலேயே நடத்தி முடித்தது. நிறைவு நாளான சனவரி 10 அன்று பொலிசார் புகுந்ததில் உயிர்கள் போயின. அப்போதைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா ஆளும் சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் ஆள். ஆகவே அந்த ஆண்டில் மத்திய அரசாங்கமும் மாநகர சபையும் ஒரு பக்கம், ஊரின் பெரும்பான்மை அரசியல் மறுபக்கம் என்று நின்றன. வளாகம் அந்த இடைவெளிக்குள்தான் பிறந்தது. 1975 யூலையில் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார்.

வளாகத்தின் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். இடதுசாரி விமர்சகர், முன்பு தினகரன் ஆசிரியராக இருந்தவர். ஐக்கிய முன்னணியில் இடதுசாரிக் கட்சிகளும் பங்காளிகளாக இருந்தமையால் அவரது நியமனத்தை அரசியல் நியமனம் என்றே பலர் பார்த்தனர். அவர் திரட்டிய ஆசிரியர் குழாமைப் பார்த்த எவரும் அதை வெறும் அரசியல் என்று தள்ளிவிட மாட்டார்கள் என்பது என் எண்ணம். 1977 யூலையில் ஆட்சி மாறியது. அதே ஆண்டில் தலைமையும் கைமாறி வித்தியானந்தனிடம் போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசாங்கத்தின் சொல்லை மீறி மாநாடு நடத்தியவர், அரசாங்க நியமனத்தால் வளாகத் தலைவரானார். பின்னர் 1979 முதல் 1988 வரை முதலாவது துணைவேந்தராகவும் இருந்தார். ஆட்சி மாற்றமும் தலைமை மாற்றமும் ஒரே ஆண்டில் வந்தது உண்மை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று திகதிகளை மட்டும் வைத்து நிறுவ முடியாது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இராமநாதன் வீதியில் பல்கலைக்கழகத்தின் முன்வாசலால் நுழைகிறவர் முதலில் காண்பது விரிவுரை மண்டபத்தை அன்று, பரமேஸ்வரன் கோயிலை. அந்தக் கோயிலும் பழைய கட்டடங்களும் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக்கு உரியவை. விஞ்ஞான பீடம் தொடக்கத்தில் இங்கே இருக்கவில்லை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில் இயங்கிப் பின்னரே, யாழ்ப்பாண நகரை அடுத்துப் பிரதான வளாகம் இருக்கும் திருநெல்வேலிக்கு வந்தது. இந்த இரண்டு இடங்களுமே அரசாங்கம் உருவாக்கியவை அல்ல. ஒன்று சைவப் பெரியவர் ஒருவரின் கொடை, மற்றது அமெரிக்க மிஷனின் உழைப்பு. வட்டுக்கோட்டையில் 1823 இல் அந்த மிஷன் தொடங்கிய செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். உயர்கல்விக்கான அடித்தளத்தை ஊரே போட்டு வைத்திருந்தது, அரசாங்கம் அதன் மேல் தன் பெயர்ப்பலகையை நாட்டியது என்று சொன்னால் அது மிகையாகாது. "இது எங்கட கம்பஸ்" என்று திருநெல்வேலிக் கடைக்காரர் சொல்வதில் உள்ள உரிமைக்குரல் அங்கிருந்துதான் வருகிறது. சட்டம் அந்த உரிமையை அறியாது.

சட்டத்துக்கு வருவோம், இங்கேதான் உங்கள் கேள்விக்கான திடமான விடை இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பழைய ஒற்றைக் குடையை மடக்கி ஒவ்வொரு வளாகத்தையும் தனிப் பல்கலைக்கழகமாக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1979 சனவரி 1 முதல் தனித்து இயங்குகிறது. ஆனால் தனித்து என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். வேந்தரை நியமிப்பவர் சனாதிபதி. துணைவேந்தர் பதவிக்குப் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை மூன்று பெயர்களைத் தெரிந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும். ஆணைக்குழு தன் பரிந்துரையைச் சனாதிபதிக்கு அனுப்பும். அவர் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். பேரவையில் கூடிய வாக்கு எடுத்தவரையே நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேரவையிலும் பீடாதிபதிகளும், செனற் எனப்படும் மூதவையின் பிரதிநிதிகளும் போக மிகுதி வெளி உறுப்பினர்களை நியமிப்பது ஆணைக்குழுதான். பணம் திறைசேரியிலிருந்து வருகிறது. யார் எந்தப் பீடத்தில் படிப்பது என்பதைக்கூட ஆணைக்குழு கொழும்பிலிருந்து உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் வைத்துத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மொறட்டுவைக்குப் போவதும் குருநாகல் பிள்ளை திருநெல்வேலிக்கு வருவதும் அதனால்தான். கல்வி விடயங்களில், அதாவது பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவற்றில், மூதவைக்கு உண்மையான சுயாதீனம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆளணி வெற்றிடத்தை நிரப்ப வேண்டுமென்றால் கடிதம் ஆணைக்குழு இருக்கும் கொழும்பு வாட் பிளேசுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். கணினி வந்த பிறகும் அந்தப் பாதை மாறவில்லை, வேகம்தான் மாறியது.

இதற்கு எதிர்ப்புறத்தில் உள்ளூர் நிர்வாகத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் திருநெல்வேலியில் இருக்கிறது. திருநெல்வேலி யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் வராது, அது நல்லூர் பிரதேச சபைக்கு உரியது. வெளியூர் நண்பர்கள் பலர் இதைக் கேட்டு வியப்பார்கள். ஆகவே மாநகர சபைக்கு அங்கே சொல் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு, பிரதான வளாகத்தைப் பொறுத்தவரை, குப்பை வண்டி அனுப்பும் சொல்கூட இல்லை என்பதே விடை. நல்லூர் பிரதேச சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் நடப்பவை பெரும்பாலும் சின்ன அலுவல்கள்: கழிவகற்றல், தெருவிளக்கு, மழை காலத்து வெள்ளவாய்க்கால், மாணவர் தங்கும் வீடுகளைப் பற்றி அயலவர் கொடுக்கும் முறைப்பாடு. வாய்க்கால் விடயம் ஒன்று சொல்கிறேன். மழைத்தண்ணீர் வளாகத்துக்குள் தொடங்கி உள்ளூர் ஒழுங்கையைக் கடந்து பலாலி வீதிக்குப் போகும். வளாகம் உயர்கல்வி அமைச்சுக்குக் கீழ், ஒழுங்கை பிரதேச சபைக்கு, பலாலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. மூன்று தரப்பையும் ஒரு மேசையில் இருத்தும் அதிகாரம் உள்ளூரில் ஒருவருக்குத்தான் உண்டு, அவர் மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர். அவரது செயலகமான கச்சேரியில் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் பல்கலைக்கழகமும் ஆளை அனுப்புவது இப்படியான காரணங்களுக்காகத்தான். அங்கே கேட்கப்படுவது கருத்து, எடுக்கப்படுவது குறிப்பு. கட்டுப்படுத்தும் தீர்மானம் அன்று.

வட மாகாண சபை 2013 செப்டம்பரில் முதன்முதலாகத் தெரிவானபோது பல்கலைக்கழகம் அதோடு இணைந்து ஏதோ பெரிதாகச் செய்யப் போகிறது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1987 இன் 13 ஆவது திருத்தம் பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது, இயங்கிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகங்களைக் கொடுக்கவில்லை. மாகாண அமைச்சர் ஒருவர் பல்கலைக்கழக நிகழ்வுக்கு விருந்தினராக வரலாம், ஆய்வு ஒன்றைக் கேட்கலாம், நிபுணர் குழுவுக்கு ஆட்களைக் கேட்கலாம். பணிப்புரை வழங்க முடியாது.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் விடைக்கு அவசியமான ஒரு காலத்தைச் சொல்ல வேண்டும். 1990 இன் நடுப்பகுதியிலிருந்து 1995 இறுதிவரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தக் காலம் முழுவதும் பல்கலைக்கழகம் இலங்கை அரசின் நிறுவனமாகவே தொடர்ந்தது. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. புதுமுக மாணவர் பட்டியல் கொழும்பிலிருந்து வந்தது. வழங்கிய பட்டம் நாடு முழுவதும் செல்லுபடியானது. மறுபுறத்தில் எரிபொருளும் சீமெந்தும் பற்றரியும் பொருளாதாரத் தடையில் இருந்தன. ஆய்வுகூட இரசாயனம் கொண்டுவரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ஒரே அரசின் ஒரு அமைச்சு பணம் அனுப்ப, இன்னொரு அமைச்சு அந்தப் பணத்துக்கு வாங்கிய பொருளை மறித்தது. அப்போதைய துணைவேந்தர் பேராசிரியர் அ. துரைராசா சைக்கிளில் வேலைக்கு வந்துபோனதை அக்காலத்து ஊழியர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். ஊரில் இயங்கிய அதிகாரத்தோடும் கொழும்பிலிருந்த அதிகாரத்தோடும் ஒரே நாளில் பேச வேண்டியிருந்த பதவி அது. எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தார்கள், எந்த இடத்தில் மறுத்தார்கள் என்பதில் பெரும்பகுதி கோப்பில் ஏறவில்லை. வாய்மொழியாகக் கேட்பதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லத் துணிய மாட்டேன்.

அதற்கு முன்பே பல்கலைக்கழகம் போருக்குள் இழுபட்டிருந்தது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை தன் துருப்புகளை இரவோடிரவாக ஹெலிகொப்டரில் இறக்கியது பல்கலைக்கழக மைதானத்தில்தான். 1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு இங்கே உருவாகி எல்லாத் தரப்பின் மீறல்களையும் பதிவுசெய்யத் தொடங்கியது. அதில் முன்னின்ற உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 அக்டோபர் 30 இன் வலிகாம இடப்பெயர்வில் பல்கலைக்கழகச் சமூகமும் ஊரோடு ஊராக நடந்துபோனது. வாய் திறக்காமை பற்றி நீங்கள் கேட்டபடியால் இவற்றைச் சொல்கிறேன். மௌனத்துக்கு நிர்வாகக் காரணம் மட்டும் இல்லை.

ஆட்களால் ஆன உறவு என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அதற்கு மருத்துவ பீடத்தைப் போல நல்ல உதாரணம் வேறில்லை. 1978 இல் தொடங்கிய அந்தப் பீடத்துக்கெனச் சொந்த வைத்தியசாலை கிடையாது. யாழ். போதனா வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்கு உரியது; அதன் பேராசிரியர் பிரிவு விடுதியில் காலையில் நோயாளியைப் பார்ப்பவர் உயர்கல்வி அமைச்சின் கீழ்ச் சம்பளம் பெறும் விரிவுரையாளர், பக்கத்தில் நிற்கும் தாதி சுகாதார அமைச்சின் ஊழியர். மாணவர்கள் சமுதாய மருத்துவம் படிக்கப் போகும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ மாகாணத் திணைக்களத்துக்கு உரியது. நோயாளிக்கு இந்த எல்லைக்கோடுகள் எவையும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 2020 இல் கொரோனா வந்தபோது ஏப்பிரல் மாதத்திலேயே மருத்துவ பீட ஆய்வுகூடத்தில் பீ.சீ.ஆர். பரிசோதனை தொடங்க முடிந்ததற்கு, ஆண்டுக்கணக்காக ஒன்றாக வேலை செய்து பழகிய இந்த மனிதர்கள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வரலாற்றுத் துறையின் கதை சற்று வேறு. 1980 இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் செய்த அகழாய்வில் எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. குடாநாட்டின் தொல்வரலாற்றைப் பேசும் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. ஆனால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அகழ அனுமதி தருவது தொல்லியல் திணைக்களம், அதுவும் கொழும்பில். எந்த ஊரின் மண்ணைத் தோண்டினாலும் மண்வெட்டிக்கு உத்தரவு அங்கிருந்துதான். வடக்கில் தொல்லியல் இன்று எவ்வளவு கூரான அரசியலாகியிருக்கிறது என்பதை நினைத்தால், பல்கலைக்கழகத்துக்கு இந்த இடத்தில் கைகள் எவ்வளவு கட்டப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

கைகட்டு இல்லாத ஒரு தரப்பு இருக்கிறது, அது மாணவர் ஒன்றியம். சம்பளமோ பதவி உயர்வோ அவர்களுக்குத் தடையில்லை. 2001 சனவரியில் தமிழர் உரிமையைக் கோரிய பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. 2019 அக்டோபரில், சனாதிபதித் தேர்தலுக்கு முன், யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ்க் கட்சிகளை ஒரே மேசைக்கு அழைத்துப் பல நாள் பேசி, 13 அம்சக் கோரிக்கை ஒன்றில் ஐந்து கட்சிகளைக் கையொப்பமிட வைத்தார்கள். அந்தக் கோரிக்கையால் விளைந்தது என்ன என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல இல்லை. ஆனால் கட்சித் தலைவர்களை அழைத்து இருத்தக்கூடிய பலம் அன்று வேறு எந்த அமைப்புக்கும் இருக்கவில்லை என்பது என் கணிப்பு. பல்கலைக்கழகம் முன்னுக்கு நிற்கிறது என்று வெளியில் தெரிவது பெரும்பாலும் மாணவர் முன்னுக்கு நிற்பதே. வாய் திறக்கவில்லை என்று தெரிவது நிர்வாகம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் அது தன்னோடு தானே முரண்படுவதாகத் தோன்றுகிறது.

நிர்வாகத்தின் நிலைமை எப்படிப்பட்டது என்பதற்கு அண்மைக் கால நிகழ்வுகளே போதும். 2019 இல் பதவியிலிருந்த துணைவேந்தரைச் சனாதிபதி நீக்கினார். அடுத்த துணைவேந்தர் 2020 ஓகஸ்டில் நியமிக்கப்படும்வரை துணைவேந்தரின் இடத்தில் தற்காலிகமாக நியமிக்கப்படும் "தகுதிவாய்ந்த அதிகாரி" ஒருவரே பல்கலைக்கழகத்தை நடத்தினார். அதே 2019 இல், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஆட்கொணர்வு வழக்கில் தோன்றிய சட்டத் துறை விரிவுரையாளர் ஒருவர் நீதிமன்றத்தில் தொழில் செய்யக்கூடாது என்று மானியங்கள் ஆணைக்குழு தடுத்தது. இராணுவத்தின் கடிதம் ஒன்று அதற்கு முன் போயிருந்தது. அவர் மறு ஆண்டு பதவியை விட்டு விலகினார். 2021 சனவரி 8 இரவு வளாகத்துக்குள் இருந்த, போரின் இறுதியில் இறந்தோரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கு கிழக்கெங்கும் கடையடைப்பு நடந்தது, 11 ஆம் திகதி விடியற்காலையில் துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார், ஏப்பிரலில் தூபி திரும்ப எழுந்தது. இடிக்கச் சொன்னது யார் என்பதில் துணைவேந்தர் மேலிடத்து அழுத்தத்தைச் சுட்டினார், ஆணைக்குழுத் தலைவரோ அது துணைவேந்தரின் முடிவு என்றார். எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இடித்ததற்கும் அடிக்கல் நாட்டியதற்கும் இடையிலான அந்த மூன்று நாட்களில் பல்கலைக்கழகம் கொழும்பு, ஊர் என்ற இரண்டு இடங்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது: முதலாவதற்குச் சட்டத்தால், இரண்டாவதற்கு வாசலில் கூடிய சனத்தால்.

கடைசியாக, உயர்கல்வியை மாகாணத்துக்குக் கொடுத்தால் இது மாறாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். கொள்கையளவில் எனக்கு அதில் ஆட்சேபமில்லை, ஆனால் நடப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதற்கு வேண்டியிருந்தது ஒரு வர்த்தமானி அறிவித்தல் மட்டுமே. வடக்கில் எந்தச் சபையும் அதைப் பற்றி வாக்கெடுக்கவில்லை, வாக்கெடுக்கச் சபையும் இருக்கவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில் இருக்கிறது, ஆளுநரை நியமிப்பவரும் துணைவேந்தரை நியமிக்கும் அதே சனாதிபதிதான்.